‘ஏதோ ஒண்ணு வந்துச்சு’

வீட்டுக் கணினித் திரையின் வலக் கீழ் மூலையில் பாதுகாப்பு மென்பொருளின் எச்சரிக்கைப் பெட்டி தோன்றிய கணமே அதை மூடிவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சுற்றத்தில் கணினி படித்த இளைஞன் ஒருவனிடம் தொலைபேசி வழியே ஒப்படைப்பது பெரியப்பாவின் வழக்கம். “தம்பி, ஏதோ ஒண்ணு வந்துச்சுப்பா” என்பதே முறையீடு. என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் “சிவப்பா இருந்துச்சு” என்றும், மேலும் துருவினால் “இங்கிலீஷ்ல இருந்துச்சு” என்றும் விடை வரும். எதை அழுத்தினீர்கள் என்ற வினாவுக்கு, “நான் எதையும் தொடலையே, பெருக்கல் குறியை மட்டும்தான் அமுக்கினேன்” என்பார். பணிக்காலம் முழுவதும் கருவூலத்தில் அமர்ந்து, சுருக்கொப்பம் ஒன்று விடுபட்ட பட்டியலைக்கூட ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியவர், இரண்டு வரி எச்சரிக்கையைப் படிக்க மறுப்பது சோம்பலால் அன்று. படித்துவிட்டால் தாமே பொறுப்பாளியாகிவிடுவோம் என்ற அலுவலக முன்ஜாக்கிரதை அது.

மூடுமுன் படம் எடுத்து அனுப்புமாறு வேண்டிக்கொண்டால் படம் வரும். அதில் குழல்விளக்கின் பிரதிபலிப்பும், கைப்பேசியைப் பிடித்த விரலும், திரைப் பின்னணியிலுள்ள பழனி முருகனும் தெளிவாகத் தெரிவர். பெட்டி மட்டும் இராது, ஏனெனில் பழக்கதோஷத்தால் அதை மூடிய பிறகே படம் எடுக்கப்பட்டிருக்கும். பழைய எச்சரிக்கைகள் யாவும் மென்பொருளின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகியிருக்கும் என்று சொன்னால், அந்தப் பக்கத்தைத் திறந்து அதையும் மூடிவிடுவார்.

அவர் அரிதாகப் படித்துவிடும் சொல் ‘குவாரன்டைன்’. ஐயத்துக்குரிய கோப்பை அழிக்காமல், இயங்க முடியாதபடி பூட்டி ஓரிடத்தில் ஒதுக்கி வைப்பதை அது குறிக்கிறது. தவறுதலாகப் பிடிபட்டது நல்ல கோப்பாயின் மீட்டுக்கொள்ளலாம். இவ்விளக்கத்தைக் கேட்டதும், “அப்ப அது இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கா?” என்று வினவி, அன்றிரவு கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டே உறங்கச் செல்வார். நல்ல கோப்புகளும் பிடிபடுவதுண்டு என்று ஆறுதல் கூறும் நோக்கில், 2010 ஏப்ரலில் மெக்கஃபி நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே வைரஸாகக் கருதி முடக்க, பல நாடுகளில் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்த செய்தியை அவரிடம் சொல்வது பெரும்பிழை. அன்று முதல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரே நேரத்தில் பல படிகளாக ஓடுவதே இயல்பான அந்நிரலை எண்ணி, நாள்தோறும் எண்ணிக்கையை அறிவிக்கத் தொடங்கிவிடுவார்.

ஆயினும் பெரியப்பாவை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. எழுத்தும் எண்ணும் விரவிய கோப்புப் பெயர் ஒன்றைக் காட்டி, அனுமதிக்கலாமா தடுக்கலாமா என்று கேட்கும் பெட்டியை வடித்தவர்கள், விடை தெரிந்தவர் ஒருவரேனும் அவ்வீட்டில் இருப்பாரா என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பொய் எச்சரிக்கையோ தெளிவாகப் பேசுகிறது. ஏதோ ஒரு வலைத்தளம் அறிவிப்பு அனுப்ப இசைவு கேட்டபோது அவர் ‘அலோ’ என்பதை அழுத்தியிருப்பார். அதன்பின் உலாவி வழியே அதே மூலையில் வந்து நிற்கும் விளம்பரம், கணினியில் ஐந்து வைரஸ்கள் இருப்பதாகவும் சந்தா இன்றோடு முடிவதாகவும் கொட்டை எழுத்தில் கூறும். இதை மட்டும் அவர் மூடுவதில்லை. முழுவதும் படித்து, காலண்டர் தாளின் பின்புறம் குறித்தும் வைப்பார். உலாவியின் அமைப்புகளில் அந்த இசைவை நீக்கிவிட்டால் விளம்பரம் நின்றுபோகும். நீக்கிய மறுநாளே அழைப்பு வரும்: “தம்பி, இப்பல்லாம் ஒண்ணுமே வரமாட்டேங்குது, சந்தா கட்டணுமா?”