வெயில் பட்டுவாடா

எங்கள் பெரியப்பாவின் ஃபியட்டில் ஏசி ஒரு நாளும் பழுதானதில்லை. பழுதாவதற்கு அதில் இருந்ததெல்லாம் முன்கதவின் மூலையில் ஒரு முக்கோணக் கண்ணாடி. கொக்கியை விரலால் தள்ளி அதைப் பாதிக்கு மேல் திருப்பினால், ஓடுகிற காற்று மடங்கி உள்ளே வந்து நேராக மார்பில் மோதும். அந்தக் காற்று யாருக்கு என்பதில்தான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சண்டை. பின்சீட்டில் நடுவே மாட்டிக்கொண்டவனுக்குப் பெரியம்மாவின் பனையோலை விசிறி உண்டு, பெரியம்மா தூங்காதவரை.

காலடியில் ஒரு கேன் நிறையத் தண்ணீர் இருக்கும். அது எங்களுக்கில்லை, ரேடியேட்டருக்கு. கத்திரி வெயிலில் வண்டலூரைத் தாண்டினால் தேவையோ இல்லையோ, ஒரு புளியமரத்தடியில் வண்டிக்கு ஓய்வு கொடுப்பது பெரியப்பாவின் கொள்கை. மனிதர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வழியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் ஊர்ப் பிள்ளை. அதன் மூக்கு, மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். எஞ்சினில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், தெரிவதெல்லாம் கைக்கு எட்டும். 1980களின் இறுதியில் தொழிற்சாலை நின்றுபோனது. இன்று பானட்டைத் தூக்கினால் முதலில் தெரிவது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. உள்ளே பார்க்க உனக்கென்ன வேலை என்று கேட்கிறது அது.

தாம்பரத்தின் பெருமையே காற்றுதான். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கியபோது, அந்த நோய்க்குக் குறிவைத்த மருந்து இன்னும் வந்திருக்கவில்லை. திறந்த ஜன்னல், நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, இவைதான் வைத்தியம். அந்த இடத்தின் பேரில் மின்சார ரயிலுக்கு ஒரு ஸ்டேஷனே இருக்கிறது. மயிலாப்பூர் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், காப்பிக்கு முன்பே காற்றைப் பாராட்டுவார்கள். இப்போது அதே சானடோரியம் வழியாகப் போகும்போது நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி ரீசர்குலேஷன் பட்டனையும் அழுத்திக்கொள்கிறோம்.

எங்கள் குடும்பத்துக்குள் ஏசி கார் வந்தது தொண்ணூறுகளில். சின்ன எஞ்சின். பெல்ட் வழியாகக் கம்ப்ரசரைச் சுற்றுவதற்கே அதன் பலத்தில் கணிசமான பங்கு போய்விடும். ஆகவே மேம்பாலம் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் ஏசியை அணைப்பது வழக்கம். முந்தி முடித்ததும், "போடுங்கோ, போடுங்கோ" என்று பின்சீட்டிலிருந்து கோரஸ் எழும். இதில் குறைப்பட ஒன்றுமில்லை. ஏசியோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்றான 1940 மாடல் அமெரிக்கப் பேக்கார்டில், ஏசியை முழுதாக நிறுத்த எஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. எங்களுக்கு சுவிட்ச் இருந்தது.

இப்போது எங்களிடம் இருப்பது கிளைமேட் கன்ட்ரோல் கார். இருபத்து நான்கு என்று எண்ணைத் தட்டினால் இருபத்து நான்கு வரும் என்பது ஒப்பந்தம். போன மே மாதம் இரும்புலியூர் அருகே நெரிசலில் நின்றபோது ஒப்பந்தம் முறிந்தது. திரையில் 24, உள்ளே தோசைக்கல். வண்டி நகர்ந்தால் குளிர் வரும், நின்றால் போகும். ஜிஎஸ்டி ரோட்டில் நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால், ஏசி இல்லை என்றே சொல்லிவிடலாம். முக்கோணக் கண்ணாடிக் காலத்தில் செங்கல்பட்டு வரை காற்றுக்குச் சண்டை போட்டபடியே வேர்த்த அதே குடும்பம், பெருங்களத்தூர் சிக்னலுக்குள் ஆம்புலன்ஸ் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டது.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. வரவேற்பறையில் ஏசி பிரமாதமாக வேலை செய்தது. டையணிந்த தம்பி கையில் டேப்லெட்டோடு வந்து, "கம்ப்ரசர் வீக் சார், செட்டாவே மாத்திடலாம்" என்றார். கண்டன்ஸர், எக்ஸ்பான்ஷன் வால்வு, ஆயில், லேபர் என்று வளர்ந்த எஸ்டிமேட்டின் மொத்தத் தொகையில் பெரியப்பா ஃபியட்டோடு ஒரு கிரவுண்டு நிலமும் வாங்கியிருப்பார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த கடைக்காரர் யோசிக்கவே விடவில்லை. "கேஸ் கம்மி" என்று சொல்லி, குழாயைச் செருகி, சிலிண்டரைத் திறந்து, பத்து நிமிடத்தில் டாப்-அப் செய்துவிட்டார். கோடை பிறந்தால் தென்சென்னை முழுக்க நடக்கிற வழிபாடு இது. கார் ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற சரக்கல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வரும். வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சோப்பு நுரையோ, நைட்ரஜன் அழுத்தமோ, அல்ட்ராவயலட் விளக்கில் ஒளிரும் சாயமோ கொண்டு அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் அடுத்த வருடம் வாடிக்கையாளர் வர மாட்டார்.

டாப்-அப்புக்குப் பிறகு சிக்னலில் குளிர் இன்னும் சீக்கிரமாக விடைபெற்றது.

கடைசியில் சேலையூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஏசி வேலை மட்டும் பார்க்கிற ஒரு பையனிடம் போய்ச் சேர்ந்தோம். அவன் டேப்லெட்டை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டான். "ஓடுறப்ப கூலிங் இருக்கா சார்? நின்னா மட்டும்தான் போகுதா?" ஆமாம் என்றதும் பானட்டைத் திறந்து, வண்டியை ஐடிலிங்கில் விட்டு, நீலமும் சிவப்புமாக இரண்டு பிரஷர் கேஜ்களை மாட்டினான். சிவப்பு முள் முந்நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

"தண்ணி இருக்கா சார்?"

குடிக்கத்தான் கேட்கிறான் என்று பாட்டிலை நீட்டினேன். கிரில் வழியாக அதைக் கண்டன்ஸர் மேல் ஊற்றினான். முள் சரசரவென்று இறங்கியது. உள்ளே இருந்த மனைவி, "வருதுங்க, வருது!" என்று கத்தினாள்.

நோய் அகப்பட்டுவிட்டது. கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கி அனுப்புகிற கேஸ், முன்னால் இருக்கிற கண்டன்ஸரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாக வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்கிறது. நிற்கும்போது கண்டன்ஸர் ஃபேன் செய்ய வேண்டும். அது சுற்றவில்லை. சூடு தேங்கி, அழுத்தம் எகிறி, ஒரு கட்டத்தில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு டாப்-அப்பில் அளவுக்கு மேல் கேஸ் ஏறியிருந்தது. பையன் ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஃபேன் மோட்டாரை லேசாக இரண்டு தட்டுத் தட்டினான். சோம்பல் முறித்துக்கொண்டு அது சுற்றியது. "பிரஷ் தேஞ்சிருக்கு. கம்ப்ரசர் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றான். மோட்டாரை மாற்றினான். பழைய கேஸை இயந்திரத்தில் திரும்ப இழுத்தான். வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த ஈரத்தை வாங்கினான். பானட் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்து, தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் கேஸ் ஏற்றினான். கிளைமேட் கன்ட்ரோல் யுகத்தின் நோயைக் கண்டுபிடித்தவை ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு தட்டும்தான்.

ஆனால் சரியாக வேலை செய்கிற ஏசி என்னதான் செய்கிறது? அது குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, கூடவே கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்து. 2015 வெள்ளத்தில் முடிச்சூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுத் தண்ணீரை வாளியில் அள்ளிப் பக்கத்து வீட்டில் ஊற்றியிருந்தால் எப்படியோ, அப்படி. பெருங்களத்தூர் நெரிசலில் என் முன்னால் நிற்கிற கார் துப்புகிற சூட்டை என் கண்டன்ஸர் வாங்கி, என் பங்கையும் சேர்த்துப் பின்னால் அனுப்புகிறது. இடையில் பைக்கில் நிற்பவர் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார். பெரியப்பா காலத்தில் வெயில் எல்லாருக்கும் ஒரே வெயில். இன்று அதற்குப் பட்டுவாடா வந்துவிட்டது.

கேஸின் கதை இன்னும் விசேஷம். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி அதற்கு முடிவு கட்டத் தொடங்கின. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு. அரைக் கிலோ கசிந்தால் ஏறக்குறைய முந்நூறு லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை. இங்கே, ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் டாப்-அப் செய்துகொள்கிறவர்கள், வெயில் தாங்கவில்லை என்றுதான் அதைச் செய்கிறார்கள்.

பையன் ஏசி கிரில்லில் தெர்மாமீட்டரைச் செருகினான். எட்டு டிகிரி. கொட்டகைக்கு வெளியே முப்பத்தொன்பது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ள வந்து கொஞ்ச நேரம் உட்காருப்பா."

"வேணாம் சார். திரும்ப வெளிய வந்தா தலைவலி வரும்."

பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "இனிமே பிரச்சினை வராதில்ல?"

"ஏசிக்கு ஒண்ணும் ஆகாது சார். வெளியதான் வருஷா வருஷம் ஏறிட்டே போகுது. அதுக்கு ஸ்பேர் கிடைக்காது."