தனியாகப் போனவருக்குச் சோறு போட்டது யார்?

கே: என் மகனுக்கு 24 வயது. மஹாபேயில் ஐ.டி. வேலை. அலாஸ்காக் காட்டில் தனியாக வாழ்ந்து இறந்துபோன அமெரிக்க இளைஞனின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, 'வேலையை விட்டுவிட்டு சஹ்யாத்ரியில் தனியாக இருக்கப் போகிறேன்' என்கிறான். இது துணிச்சலா, அசட்டுத்தனமா?
(ஒரு தாய், நெருள்)

ப: அந்தக் கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ்ஸுக்கும் அப்போது 24 வயதுதான் அம்மா. 1992 ஏப்ரலில் காட்டுக்குள் நடந்து போய், யாரோ விட்டுப்போன 142ஆம் எண் பேருந்தில் தங்கினார். ஜூலையில் ஊர் திரும்பக் கிளம்பியும்விட்டார். வரும்போது எளிதாகக் கடந்த ஆறு, பனி உருகி வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி அக்கரைக்குப் போகக் கம்பிவடத் தொட்டில் ஒன்று இருந்தது. கையில் விவரமான வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. பேருந்துக்கே திரும்பினார். செப்டம்பரில் உடல் கிடைத்தபோது எடை சுமார் 30 கிலோ.

போனதை நான் அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். திரும்பும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனதுதான் அசட்டுத்தனம். அவர் திரும்பி வர நினைத்தார் என்பதை உங்கள் மகனுக்கு நினைவுபடுத்துங்கள். படம் பார்த்தவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த வழியில் போன இரண்டு பெண்கள், 2010இல் ஒருவரும் 2019இல் ஒருவரும், அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து அந்தப் பேருந்தையே காட்டிலிருந்து தூக்கிப்போனார்கள்.

கே: ரமணரும்தான் 16 வயதில் வீட்டைவிட்டுப் போனார். அவரை மட்டும் ஏன் கும்பிடுகிறோம்?
(வாசகர், மாட்டுங்கா)

ப: நியாயமான கேள்வி. அவர் தப்பியதற்குக் காரணம் அவருடைய வைராக்கியம் மட்டும் இல்லை. 1896 ஆகஸ்டில் மதுரையிலிருந்து கிளம்பும்போது, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். திருக்கோவிலூர் அருகே கீழூரில், கோகுலாஷ்டமி அன்று, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு போட்டார்கள். கடுக்கனை அடகு வைத்துக்கொண்டு 4 ரூபாய் கொடுத்ததும் அந்த வீட்டார்தான். திருவண்ணாமலையில் பாதாள லிங்கக் குகையில் உடம்பு உணர்வே இல்லாமல் உட்கார்ந்திருந்த பையனின் தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. சேஷாத்ரி சுவாமிகள் காவல் இருந்தார். நாலு பேர் சேர்ந்து வெளியே தூக்கி வந்தார்கள். அந்தத் தூக்கிய கைகள் இல்லாவிட்டால் அவர் என்ன ஆகியிருப்பார்?

பிறகு பல ஆண்டுகள் மலைமேல் இருந்தவருக்கு முதலியார் பாட்டியும் எச்சம்மாளும் தினமும் சோறு கொண்டுபோனார்கள். வயதான ஒரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு அந்தக் கல்வழியில் ஏறுவதை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அருணாசலம் என்றாலே முதலில் அந்தப் படியேற்றம்தான் தெரிகிறது. 1898இல் அழகம்மாள் மகனைத் தேடி வந்து அழுது திரும்பினார். 1916இல் மறுபடி வந்து கூடவே தங்கிவிட்டார். மலையில் அடுப்பு எரியத் தொடங்கியது. இன்றைய ரமணாசிரமம் எழுந்தது, 1922இல் காலமான அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான். ஆகவே மாட்டுங்கா நண்பரே, கும்பிடும்போது எச்சம்மாளையும் சேர்த்துக் கும்பிடுங்கள்.

கே: உலகத்தை விட்டுப் போகிறவனுக்கு நட்பு எதற்கு?
(வாசகர், முலுண்ட்)

ப: கோப்பெருஞ்சோழனைக் கேளுங்கள். வடக்கிருந்து உயிர்விட உட்கார்ந்தபோதும், அதுவரை நேரில் பார்த்திராத பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைக்கச் சொன்னவன் அவன். புலவரும் வந்து சேர்ந்தார்.

கே: கர்நாடகத்தில் ஒருவர் காட்டில் பழைய அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் வாழ்ந்தாராமே! என்ன வைராக்கியம்!
(வாசகி, செம்பூர்)

ப: சுள்ளியா பக்கத்துக் காடு. 2021இல் செய்தி பரவியது. எல்லோரும் காரின் படத்தைத்தான் பார்த்தார்கள் அம்மா, நான் காரணத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடனுக்காக நிலம் ஏலம் போய், உறவு வீட்டிலும் ஒட்டாமல், போக இடமில்லாமல் காட்டுக்குள் போன மனிதர் அவர். காட்டுக்கொடியில் கூடை பின்னி ஊருக்குள் விற்று அரிசி வாங்கிக்கொண்டு போனார். ஊர் துரத்திய ஒருவரைத் துறவி என்று புகழ்ந்தால், துரத்தியதற்கு நாம் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறோம். அவர் வைராக்கியம் பெரிதுதான். அவருக்கு அந்த நிலம் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கே: கர்நாளாவிலோ போரிவலிக் காட்டிலோ குடிசை போட்டுத் தங்க முடியுமா?
(வாசகர், பன்வேல்)

ப: முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. அந்தச் சட்டம் சிறுத்தைக்கும் தனிமை வேண்டும் என்று சொல்கிறது, எனக்கு அதில் முழுச் சம்மதம். அதுபோக, கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. தனியாகப் படுத்திருப்பவரை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது? இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தாக்கர், காத்கரி மக்கள் பாடா என்னும் சிற்றூர்களில் கூடித்தான் குடியிருக்கிறார்கள்.

கே: ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிறோம். எனக்கும் ஒரு மணி நேரம் தனியாக இருக்க ஆசை. இது தப்பா?
(மாணவி, தாராவி)

ப: தப்பே இல்லை மகளே. காடு உன் வாசலிலேயே இருக்கிறது. சயான் பாந்திரா லிங்க் ரோட்டில் மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். ஊர்க்குப்பையைக் கொட்டிய இடத்தில் மரம் நட்டு வளர்த்த 37 ஏக்கர். 1994இல் திறந்தார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் உட்கார். வீட்டில் யாராவது 'தனியாக என்ன வேலை?' என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கே: அம்மா உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியும். கூட்டம், லோக்கல், அலைபேசி எல்லாம் அலுத்துவிட்டது. நான் எங்காவது போயே ஆக வேண்டும்.
(அந்த மகன், நெருள்)

ப: போய் வாருங்கள் தம்பி. அலுப்பு உண்மையானது, அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். மழை முடியட்டும். எந்த ஊர், எந்த வழி, எந்த நாள் திரும்புவது என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். 2 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போன பையன்கூடப் போகும் ஊரின் பெயரை எழுதவில்லை. அந்தத் தாய் இரண்டு வருடம் தவித்தார்.

அதற்கு முன்னால் ஒரு நாள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி போரிவலிக்குப் போய், கன்ஹேரி குகைகளில் ஏறுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். ஒரு துறவி படுக்கிற அளவுக்கு ஒரு கல் திண்ணை, வாசலோரம் மழைநீர்த் தொட்டி. நான் ஒரு ஜூலைக் காலையில் அப்படி ஒரு திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கிளம்பும்போதுதான் சுவரில் இருந்த எழுத்துகளைக் கவனித்தேன். அங்குள்ள கல்வெட்டுகளில் கல்யாண், சோபாரா வணிகர்களின் பெயர்கள் இருக்கின்றன. குகையை வெட்டித் தந்தது யார், தொட்டியை வெட்டித் தந்தது யார், மழைக்காலத்தில் துறவிகளுக்குத் துணி வாங்க வட்டிக்குப் பணம் போட்டு வைத்தது யார் என்று அவற்றில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.