ஐந்தாம் நகம்: ஒத்திப்போடுதலின் உடற்கூறு

சிறு நாய் வளர்க்கும் வீடுகளில் நகம் வெட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: "விட மாட்டேங்குது." நாய் காலைக் கொடுப்பதில்லை, ஆகவே வெட்ட முடிவதில்லை, ஆகவே நகம் வளர்கிறது. காரணமும் காரியமும் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்பதால் இந்த விளக்கத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. முன்னோர் நூல்களும் கை கொடுக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் குருளை என்று அழைக்கலாம் என்பதுவரை சொல்லிவிட்டு, அந்தக் குருளை வளர்ந்த பிறகு அதன் முன்காலை யார் பிடிப்பது, யார் வெட்டுவது என்பதைத் தொடாமலே அடுத்த விலங்குக்குப் போய்விடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப முயலும் இக்கட்டுரையின் துணிபு, மேற்படி விளக்கம் தலைகீழாக நிற்கிறது என்பதே. நாய் திமிறுவதால் நகம் வளர்வதாகச் சொல்கிறார்கள். நகத்தை வளரவிட்டதால்தான் நாய் திமிறக் கற்றுக்கொள்கிறது. வளரவிட்டது யார் என்பதற்கான ஆவணம் அந்த வீட்டிலேயே இருக்கிறது. முன்காலின் உட்புற முடியை விலக்கிப் பார்த்தால் போதும்.

நாய்க்குச் சாதாரணமாக 18 நகங்கள்: முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு. நகத்தை எண்ணி நாயின் தரம் சொல்லும் பெரியவர்கள் 20 என்று வந்தால் புருவத்தை உயர்த்துவார்கள். அந்தக் கூடுதல் இரண்டு பின்காலில் தொங்குபவை. பிரான்சின் போசரான், பிரியார் இனங்களுக்கோ பின்கால் ஒவ்வொன்றிலும் இரட்டையாகத் தொங்கினால்தான் இனத் தகுதியே. நார்வேயின் லுண்டேஹுண்ட் காலுக்கு ஆறு விரலோடு பாறை ஏறிக் கடற்பறவை பிடித்தது. இவற்றை வியந்துவிட்டு விட்டுவிடலாம். இங்கே பொருளாவது முன்காலின் ஐந்தாம் நகம். நம் கட்டைவிரலுக்கு நேரான விரலில், மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, நடக்கும்போது தரைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது. மற்ற நான்கும் நீண்டால் டைல்ஸ் தரையில் டக்டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் ஒரு மனு; இரவு பதினொரு மணிக்குக் கூடத்தில் கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் "நகத்த வெட்டணும்" என்று அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகையாவது கொடுப்பார். ஐந்தாம் நகம் மனுப் போடுவதில்லை. தரையில் படாததால் தேயவும் வழியில்லை. நகம் வளர்வது வேரிலிருந்து. நுனி தேய்ந்ததா, நீண்டதா, எதையாவது குத்துகிறதா என்ற செய்தி வேருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அது வளர்ந்துகொண்டே போய், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்டு, கடைசியில் தன் விரலின் சதையிலேயே இறங்கும்.

பெரிய நாய்க்கும் இது வரும் என்றாலும் சிறு நாயிடம் வாய்ப்புகள் கூடுதலாகக் கைகோத்து நிற்கின்றன. ஷீ ட்சூ, லாசா ஆப்சோ, பொமரேனியன் என்ற பெயரில் நம் வீடுகளில் வாழும் ஸ்பிட்ஸ் ஆகியவற்றின் கால் முடி ஐந்தாம் நகத்தை மூடி மறைத்துவிடும். உடல் எடை குறைவு, ஆகவே தரையில் உராய்வும் குறைவு. பாதி தூரம் மடியிலேயே போய்விடும். நீள முடியில்லாத பக் நாயிடம் மறைவதற்கு இடமில்லை. ஆனால் நகவெட்டியைக் கண்டால் தெரு முழுக்கக் கேட்கும்படி அலறுவதில் அந்த இனத்துக்குத் தனிப் பெயர் உண்டு. 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரம் சிறுவன் பின்னால் ஓடும் பக் நாயை இந்தியா முழுக்க ஆசைப்பட வைத்தது. அந்த விளம்பரத்தில் யாரும் அதற்கு நகம் வெட்டவில்லை.

இனித் துணிபுக்கு வருவோம். நகத்தின் நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த உயிர்ச்சதை ஓடுகிறது. நகம் நீள நீள இந்தச் சதையும் கூடவே நீளும். வாழ்க்கையின் மற்ற ஒத்திப்போடல்களில் வேலை அப்படியே இருக்கிறது, தேதி மட்டும் தள்ளிப் போகிறது. இங்கே தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் வேலையையே கடினமாக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பொறுப்பு வந்து, இருக்கவேண்டிய நீளத்துக்கு ஒரே வெட்டாக வெட்டினால், வெட்டுப்படுவது சதை. ரத்தம் வரும், நாய் கத்தும், சோபா உறை கறைபடும். நாய் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறது. அலமாரி திறக்கும் ஓசை, கிளிப்பரின் வாசனை, வீட்டுக்காரரின் அசாதாரணமான கொஞ்சல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வலி வரும். நாயைப் பொறுத்தவரை இது அனுபவத்தில் சோதித்த அறிவு, அதில் பிழை சொல்ல முடியாது. அடுத்தமுறை அது கட்டிலுக்கு அடியில் போகிறது. வீட்டார் "விட மாட்டேங்குது" என்று முடிவெடுத்து இன்னும் சில மாதம் தள்ளிப்போடுகிறார்கள். சதை இன்னும் நீள்கிறது. இந்தச் சுழற்சியில் முதலில் தொடங்கியது எது என்று பார்த்தால், நாயின் திமிறல் இரண்டாம் சுற்றில்தான் நுழைகிறது. முதல் சுற்றில் இருந்தது மனிதரின் "அப்புறம் பாத்துக்கலாம்" மட்டுமே. எதிர்த்திசையிலும் இதே விதி வேலை செய்வது துணிபை வலுப்படுத்துகிறது: வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் சீவிக்கொண்டே வந்தால் சதை மெல்லமெல்லப் பின்வாங்கும், நகமும் குட்டையாகும்.

எவ்வளவு சீவுவது என்பது அளவையியலின் பிரச்சினை. சைவ சித்தாந்தம் அளவைகள் பலவற்றைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்கிக்கொள்கிறது. நாய் நகத்துக்கும் இம்மூன்றே தேவைப்படுகின்றன. வெள்ளை நகம் காட்சி அளவைக்கு உரியது. டார்ச் அடித்தால் இளஞ்சிவப்பாகச் சதை எங்கே முடிகிறது என்று தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் காட்சி பயன்படாது, கருதல்தான். மலையில் புகை கண்டு நெருப்பைத் துணிந்த பழைய தருக்கிகளின் முறையிலேயே, காகிதக் கனத்துக்கு ஒவ்வொரு சீவலாக எடுத்து வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். முதலில் வறண்ட, பொடியும் பொருள் தெரியும். நடுவில் ஈரப்பசையோடு ஒரு பொட்டு தோன்றினால் சதை நெருங்கிவிட்டது, அன்றைக்கு அவ்வளவுதான். இங்கே ஏதுப்போலி ஒன்று காத்திருக்கிறது: "மத்த நாலு நகத்துலயும் இவ்வளவு வெட்டினோம், ஒண்ணும் ஆகலை, இதுலயும் ஆகாது." மற்ற நான்கும் தரையில் உராய்ந்து வாழ்பவை, ஐந்தாவதன் வரலாறு வேறு, அதன் சதை எங்கே நிற்கிறது என்பதை அந்த நான்கும் சொல்ல முடியாது. மூன்றாவதான உரை அளவை பக்கத்து வீட்டாரிடமிருந்து வருகிறது: "எங்க டாமிக்கு நாங்க வெட்டினதே இல்ல, நல்லாத்தான் இருக்கு." உரை செல்லுபடியாக வேண்டுமானால் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்கவேண்டும். டாமியின் முன்கால் முடியை விலக்கிப் பார்க்கும்வரை அந்தத் தகுதி நிலுவையில் இருக்கும்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். மனிதருக்கான நகவெட்டி தட்டையான நகத்துக்குச் செய்தது. நாயின் உருண்ட நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும். ஓட்டைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை மற்ற நகங்களுக்குச் சரி, ஆனால் சுருண்டு நுனி தோலைத் தொட்டுவிட்ட ஐந்தாம் நகத்தில் நுழைக்க நுனியே கிடைக்காது. அதற்குக் கத்தரி வடிவக் கிளிப்பர்தான். தவறி ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளார் மாவை அப்பிச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் ஒருவர் மற்றவரைக் குறை சொல்வது தவிர்க்க முடியாதது.

இயற்கைவாதிகளின் மறுப்பு பழையது: ஓநாய்க்கு யார் நகம் வெட்டுகிறார்கள்? யாரும் வெட்டுவதில்லை என்பது உண்மை. ஓநாய் பாய்ந்து ஓடித் திரும்பும்போது அந்த ஐந்தாம் விரலும் தரையில் உரசும். தோண்டும், எலும்பைப் பிடித்துக் கடிக்கும். சோபாவிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து சோபாவுக்கும் பயணிக்கும் பிராணி ஓநாயின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஓநாயின் தேய்மானத்துக்கு உரிமை கோர முடியாது. இதன் நாட்டு வடிவம், "தார் ரோட்டுல நடத்துங்க, தானா தேஞ்சிடும்" என்பது. தேயும், நான்கு. மே மாதத் தாரில் பாதமும் சேர்ந்து தேயும் என்பதை இந்தப் பள்ளி கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த மறுப்பாளர்கள் கட்சி மாறி வந்தவர்கள்: பயனில்லாத விரல்தானே, எடுத்துவிட்டால் என்ன? குட்டி பிறந்த சில நாட்களிலேயே எடுத்துவிடும் வழக்கம் நாய் இனப்பெருக்குவோரிடம் உண்டு. பின்காலில் வெறும் தோலில் தொங்கும் நகத்தைப் பொறுத்தவரை, அது அடிக்கடி மாட்டிக் கிழிந்தால், இந்த வாதத்தை ஓரளவு ஏற்கலாம். முன்கால் விரல் அப்படிப்பட்டதல்ல. எலும்பும் மூட்டும் உண்டு, தசைநாண் வந்து சேர்கிறது. எலும்புத் துண்டை நாய் இரு முன்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடிக்கும்போது வேலை செய்வது இதுதான். மாதம் ஒரு சீவல் சீவ மனமில்லாததற்காக ஒரு விரலையே வெட்டும் தீர்மானம், வீட்டுப் பொறுப்பை மயக்க மருந்து நிபுணரிடம் தள்ளிவிடுவது.

மருத்துவமனைக்கோ குரூமரிடமோ கொண்டுபோகலாமே என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. நகம் சதைக்குள் இறங்கிவிட்டால் அது ஒன்றே வழி. வீட்டில் இழுக்கக் கூடாது. ஆனால் அதுவும் துணிபை அசைப்பதில்லை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுபோவதும் ஒத்திப்போடக்கூடிய காரியமே. நாய் திமிறுகிறதே என்பவர்களுக்கு, மூன்று கிலோப் பிராணியை நான்கு பேர் அமுக்கிப் பிடித்தால் திமிறாத நாய் நாயே அல்ல. வெட்டாத நாட்களிலும் காலைத் தொட்டு, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுத்து, நாளைக்கு ஒரே ஒரு நகம் என்று போனால் ஒருவரே போதும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் ஆய்வு முட்டி நிற்கிறது. குளிப்பாட்டுவது ஒருவர், சோறு வைப்பது ஒருவர், ஊசி போடக் கூட்டிப்போவது ஒருவர் என்று இலாகாக்கள் பிரிந்த வீட்டில் முன்காலின் ஐந்தாம் நகம் எந்த இலாகாவிலும் சேர்க்கப்படவில்லை. இதன் விளைவை மருத்துவர் தினமும் பார்க்கிறார். நாய் காலை நக்கிக்கொண்டே இருந்தது, நொண்டியது, கொண்டுவந்தோம் என்பார்கள். முழு வட்டமாகச் சுருண்டு தோலுக்குள் போயிருக்கும் நகத்தை அவர் முடியை விலக்கிக் காட்டுவார். அப்படி ஒரு வட்டம் சேரப் பல மாதம் ஆகும். "நேத்துதான் டாக்டர் கவனிச்சோம்" என்பார்கள் குடும்பத்தார், ஒருமித்த குரலில்.