எல்லோரும் நம்பர் ஒன்

கொழும்பிலிருந்து மன்னார் மாவட்டத்து எங்கள் முசலிக்கும் சேர்த்துப் பாடுகிற தமிழ் எஃப்.எம். வானொலிகளைக் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். 1998இல் சூரியனும் சக்தியும் வந்தன. 2008இல் வெற்றி வந்தது. இத்தனை பேர் ஒரே சந்தையில் கடை விரித்தால் அடிபிடி வருமே என்று பயந்தோம். வீண் பயம். ஒருவர் காலை நிகழ்ச்சிக்கு இரண்டு அறிவிப்பாளரைச் சிரிக்க வைத்தால் மற்றவரும் இரண்டு பேரைச் சிரிக்க வைக்கிறார். ஒருவர் இரவில் இடைக்காலப் பாட்டுக்கு மாறினால் மறுகிழமை எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். பல்லவியை ஒன்றிலும் சரணத்தை இன்னொன்றிலும் கேட்டுக்கொள்ளலாம். அதிலும் எல்லோரும் நம்பர் ஒன்! இரண்டாம் இடம் என்பதையே ஒழித்த துறை வேறு எங்கே உண்டு?

இலங்கை வானொலியின் பழைய ஆட்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒதுக்க, இந்திய நேயர்கள் திரளாக இலங்கை வர்த்தக சேவைப் பக்கம் சாய்ந்தார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் டில்லி அவர்களைத் திருப்பி அழைக்கப் பார்த்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று ஒவ்வொரு குரலுக்கும் தமிழ்நாடு காத்துக் கிடந்தது. தங்கள் தமிழை அக்கரைக்கு அனுப்ப என்ன வீண் சிரமம்! இன்றைய பிள்ளைகள் சென்னைப் பேச்சையே இங்கே இறக்கிவிட்டார்கள். செலவும் மிச்சம், உச்சரிப்புப் பயிற்சியும் மிச்சம்.

எங்கள் மேல் உள்ள அக்கறையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கொழும்பு பம்பலப்பிட்டியில் வாகன நெரிசல் என்று எங்கள் அரிப்புக் கரையில் வலை இழுக்கிறவனுக்கு விடியவே சொல்லிவிடுகிறார்கள். சோளகக் காற்று எப்போது எழும்பும், அகத்திமுறிப்புக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், வயலுக்குள் யானை இறங்கியதா என்றெல்லாம் சொல்லி எங்கள் நிம்மதியைக் கெடுப்பதில்லை. அனுராதபுரப் பக்கம் மழை கொட்டி அருவியாறு ஏறினால், அது வாசலுக்கு வந்து தானே சொல்லும். 1990இல் புலிகளால் விரட்டப்பட்டுப் புத்தளம் போய், போர் முடிந்தபின் காடு மூடிய காணிக்குத் திரும்பிய எங்கள் முஸ்லிம் சனத்தின் கதையும் இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் அடங்காது. அதைத் திணிக்காமல் விட்டது இங்கிதம்.

அக்கரைக்காரருக்கு இந்த நாகரிகம் இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டுப் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி, 90.4இல். காற்று, அலை, மீன் என்று கடற்கரைப் பேச்சுத்தான் அங்கே நிகழ்ச்சி. நாலு ஊர் கேட்டால் போதும் என்று இருக்கிறவர்களை எந்தக் கணிப்பில் சேர்ப்பது?

நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. நோன்பு காலத்தில் மஃரிபு நெருங்கினால் நம்பர் ஒன்களை எல்லாம் விட்டுவிட்டு, அரச வானொலியின் முஸ்லிம் சேவையில் பாங்குக்காகக் காது வைத்திருப்போம். அந்தத் துரோகத்தை அவர்கள் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பாட்டுக் கேட்டு எங்களூர்ப் பெடியன் ஒருவன் ஒரு நிலையத்துக்குப் போன் எடுத்தான். எந்த ஊர் என்றார்கள், முசலி என்றான். "முசிறியா? தமிழ்நாட்டிலயும் நம்மளக் கேக்கிறாங்க பாருங்க!" என்று அறிவிப்பாளர் கைதட்டல் சத்தம் போட்டார். பெடியன் மறுத்துப் பேசவில்லை. கேட்ட பாட்டு உடனே கிடைத்தது.