வேப்பெண்ணெய் வாசம்

அப்பாவின் வண்டி டாடா 1210. ஆறு சிலிண்டர். வெயில் காலம் முழுக்க உப்பு ஏற்றுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் தண்ணீருக்குள் கிடக்கும்போது யூரியா. 1975இல் ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு தூத்துக்குடி லாரிக்காரர்களுக்கு மழைக்காலத்திலும் அடுப்பு எரிந்தது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணி வயற்காட்டு ஊர்களுக்கு ஐம்பது கிலோ மூட்டைகளை இறக்கிவிட்டு வருவார். உப்புக்கும் யூரியாவுக்கும் அப்பா ஒரே மாதிரிதான் பயப்பட்டார். இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். உப்பு இறக்கிய வண்டியைக் கழுவிக் காயவைக்காமல் யூரியா ஏற்றவே மாட்டார். தார்ப்பாய்க் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார்.

1987 என்று நினைவு. நான் எட்டாம் வகுப்பு. கயத்தாறு தாண்டி ஏற்றத்தில் வண்டி திணறியிருக்கிறது. மறுநாள் காலை நாலாம் கேட் பக்கத்து ஷெட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“மிஸ்ஸிங் அடிக்கு அண்ணாச்சி. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு.”

“புகை எப்படி இருக்கு?”

மெக்கானிக் அண்ணாச்சி எந்த வண்டி வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். கறுப்பாக வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, ஏர் ஃபில்டரைப் பார். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக வந்தால்தான் யோசிக்க வேண்டும். அது எரியாத டீசலாகவும் இருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீராகவும் இருக்கலாம். எங்கள் வண்டி வெள்ளையாக விட்டது. அண்ணாச்சி குனிந்து புகைக்குழாய் வாயருகே உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பிசுபிசுவென்று இருந்தது. கண் எரிந்தது. “தண்ணின்னா காஞ்சிரும். இது டீசல்” என்றார்.

பிறகு நடந்ததை இப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, விரலால் தொட்டு, மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டு விட்டார். ஐந்து இடத்தில் சுர்ரென்று பொங்கிப் போனது. நாலாவதில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதோடு விடவில்லை. நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் தள்ளாடும், இறுக்கினால் பழையபடி வரும். நாலாவதைத் தளர்த்தினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இவன்தான் வேல செய்யாம சாப்பிடுதான்.”

நாசிலைக் கழற்றி டெஸ்ட் பம்பில் மாட்டி அடித்துக் காட்டினார். பனி மாதிரித் தூவ வேண்டியது சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஊசியை வெளிச்சத்தில் திருப்பியபோது கடுகில் பாதி அளவுக்கு ஒரு துருப் புள்ளி. முடியை விடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் வழுக்கி ஓட வேண்டிய ஊசி அது. அந்தப் புள்ளி அதைப் பிடித்து நிறுத்திவிட்டது.

வேறு ஷெட்டாக இருந்தால் புது நாசில் போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். அண்ணாச்சி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். டீசலில் தண்ணீர் எப்படி வந்தது? டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. மூடிக்கு நேர் மேலே பாடிப் பலகையில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த கோடுகள். ஈர உப்பு மூட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சொட்டுச் சொட்டாக மூடி மேல் விழுந்து உள்ளே போயிருக்கிறது. டேங்கை வடித்தார். நாசிலும் செம்பு வாஷரும் புதிதாகப் போட்டார். பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் பொருத்தினார். அன்று வாங்கிய கூலியில் அந்த ரப்பர் வட்டத்துக்கென்று எதுவும் இல்லை. வண்டியைக் காப்பாற்றியது என்னவோ அதுதான்.

அண்ணாச்சி கடற்கரைக்கும் வேலைக்குப் போவார். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கிய காலம் போய், வள்ளத்தில் கம்ப்ரசர் வைத்து ரப்பர்க் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு இறங்கும் காலம் வந்தது. ஒவ்வொரு வள்ளத்திலும் அண்ணாச்சி முதலில் பார்ப்பது, கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் இன்ஜின் புகைக்குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மேலே இருப்பவனுக்கு லேசாகத் தலை வலிக்கும் காற்று, கீழே ஆழத்தின் அழுத்தத்தில் இருப்பவனை மயக்கித் தள்ளிவிடும். “கண்ணுக்குத் தெரியுத புகைக்கு நான் பயப்பட மாட்டேன்” என்பார்.

தெரிந்த புகையும் லேசுப்பட்டதாக இல்லை. ஹார்பர் ரோட்டில் அன்று போன வண்டிகள் விட்ட கரி, கொடியில் காயும் வேட்டியில் படிந்தது. உப்பளத்துக்கு நடந்து போன பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அப்பா கடைசி மூன்று வருடம் இருமிக்கொண்டே இருந்தார். பீடி எவ்வளவு, புகை எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்து வண்டியைப் பற்றி ஏங்கிப் பேசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

என்னிடம் இப்போது இருப்பது பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பவை எல்லாம் அந்தக் கணக்குதான். டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு டேங்க். அதில் யூரியாக் கரைசல்: நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர். சூடான புகைக்குள் இதைத் தூவினால் அமோனியாவாக மாறி, கேட்டலிஸ்டின் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. அப்பா ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுபோன அதே சரக்கு, மகனுடைய வண்டியில் தண்ணீரில் கரைந்து சைலன்சருக்குள் போகிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், கன்டெய்னரோடு ஹார்பர் வரிசையில் நின்ற வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுநாள் இழுவை பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, நாக்ஸ் சென்சாரையும் கேட்டலிஸ்டையும் மாற்றச் சொன்னார்கள். வண்டியின் மூன்று மாதத் தவணையை விடப் பெரிய தொகை. நாலாம் கேட்டுக்கே போனேன். அண்ணாச்சி இல்லை. மகன் இருக்கிறார். அவரிடமும் ஸ்கேனர் இருக்கிறது.

அதே பிழைக் குறியீட்டைத்தான் காட்டியது. அவர் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நீல மூடியைத் திறந்தார். பேனா அளவுக்கு ஒரு குழாய். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடர்த்தி தெரியும். 32.5 கோட்டிலேயே நின்றது. கருவிப்படி எல்லாம் சரி. ஆனாலும் அவர் விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே என் பக்கம் நீட்டினார்.

“மோந்து பாருங்க அண்ணே.”

வேப்பெண்ணெய்.

2015இலிருந்து வயலுக்குப் போகிற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. மண்ணில் நைட்ரஜன் மெதுவாக இறங்குவதற்காக. மானிய விலைச் சரக்கு வேறு தொழிலுக்குத் திரும்பாமல் இருப்பதற்காகவும். யாரோ உர மூட்டையை உடைத்துத் தண்ணீரில் கரைத்து கேனில் விற்றிருக்கிறார்கள். டிரைவர் தம்பியைக் கேட்டேன். ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைத்தது, எனக்கு மிச்சமாகட்டும் என்று வாங்கி ஊற்றியதாகச் சொன்னான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. டீசல் தெரிந்த அளவுக்கு இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணாச்சி மகன் தூவும் நாசிலைக் கழற்றினார். வாயைச் சுற்றி வெள்ளைக் கட்டி. உப்பளக் கரையில் காய்ந்து கிடக்கும் பொருக்கேதான், கையில் வாங்கினால் வித்தியாசம் தெரியாது. உரச் சரக்கில் இருக்கும் பையூரெட் என்ற மாசும் எண்ணெயும் எளிதில் எரிந்து போகாமல் இப்படித் தங்கிவிடுகின்றன. அதோடு ஹார்பர் வரிசையில் மணிக்கணக்காக ஐடிலில் நின்றால் புகைக்குப் போதுமான சூடு ஏறுவதில்லை, கட்டி இன்னும் வளரும். நாசிலை வெந்நீரில் ஊறப் போட்டார். டேங்கை வடித்து, சுத்தத் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினார். ஃபில்டரை மட்டும் மாற்றினார். சாயங்காலம் புதுக் கரைசல் ஊற்றி, பைபாஸில் கோவில்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்தார். விளக்கு அணைந்திருந்தது. இழுவை திரும்பிவிட்டது. சென்சாரும் கேட்டலிஸ்டும் இன்றுவரை பழையதுதான்.

வடித்த கரைசல் இருபது லிட்டர் போல ஒரு டிரம்மில் இருந்தது. “இத எங்கே கொட்ட?” என்று டிரைவர் கேட்டான். ஷெட்டுக்குப் பின்னால் அண்ணாச்சி வீட்டம்மா வைத்த வாழைகள் நிற்கின்றன. மகன் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, அதில் அரை டம்ளர் கரைசலை விட்டுக் கலக்கினார். “ஒரு மரத்துக்கு இவ்வளவுதான் ஊத்தணும், கூடிட்டா கருகிரும். மிச்சத்த மூடி வை. மாசத்துக்கு ஒருக்கா ஊத்துவோம்” என்று வாளியை அவன் கையில் கொடுத்தார்.