குக்கர் விசிலும் கறிவேப்பிலையும்: ஓர் ஒலியியல் ஆய்வு

மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பும் கணவர்கள் காலங்காலமாக முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு: "நீ சொல்றப்ப குக்கர் விசில் அடிச்சுது, காதுல விழல." இவ்வாதம் முறையான ஆய்வுக்கு உட்படாமலே குடும்பங்களில் புழங்கி வருகிறது. "என்னங்க, வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்னும் வாக்கியத்தை மூலபாடமாகக் கொண்டு அக்குறையைப் போக்க முனைகிறோம்.

விசில் அடிக்கும்போதே சொன்னது கேட்கவில்லை என்றால் தகராறில்லை. மிக்ஸி உள்ள வீட்டில் இதற்கு நிரூபணம் தேவையில்லை. சிக்கல், விசிலுக்குச் சற்று முன்னும் பின்னும் சொன்னவற்றில்தான்.

விசில் நின்றதும் செவி நரம்புகள் உடனே தெளிவதில்லை. அவை களைப்பு நீங்கிப் பழைய நிலைக்கு வரச் சுமார் 200 மில்லி விநாடி ஆகும். சாதாரணப் பேச்சில் அதற்குள் ஓரசை கடந்துவிடும். ஆக, விசில் விழுங்கக்கூடியது மிஞ்சிப்போனால் 'என்னங்க'வின் 'என்'. கறிவேப்பிலை சேதாரமின்றி வந்து சேர்கிறது.

முன்னால் சொன்னதையும் விசில் மறைக்கும் என்பது விந்தை, ஆனால் உண்மை. மெல்லிய ஒலியை மூளை பரிசீலித்துக்கொண்டிருக்கையில், பின்னால் வந்த உரத்த ஒலி வரிசையை மீறி உள்ளே புகுந்துவிடுகிறது என்று ஒரு விளக்கம் (ரேஷன் கடையில் பார்க்காததா?). ஆனால் இதன் பலம் பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். 'வாங்க'வின் கடைசி அகரத்தின் நுனி போகலாம். அதிலும், கேட்டுக் கேட்டுப் பயின்ற காதுகளில் இவ்விளைவு ஏறக்குறைய இல்லாமலே போகிறது எனச் சோதனைகள் காட்டுகின்றன. இல்லறத்தில் பல்லாண்டு பயின்ற காதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனி ஓரசை போனதாகவே வைத்துக்கொள்வோம். 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவுசெய்த வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டியெடுத்து, அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எதுவுமே விடுபடவில்லை என்றார்கள். இருமல் எந்த இடத்தில் விழுந்தது என்றும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதாவது 'வேப்' மேல் விசில் விழுந்தாலும், மூளை தானே 'வேப்' போட்டுக் கறிவேப்பிலையை முடித்துக்கொள்ளும்.

ஆகவே விசில் வாதம் செல்லாது. 'கறி' மட்டுமே கேட்டது என்று ஆட்டுக்கறியோடு வருவோரின் மனு தனியே விசாரிக்கப்படும். புரட்டாசி சனிக்கிழமை என்றால் அதுவும் தள்ளுபடி.