கடைசியா ஒருக்கா

ஒஸ்லோவில் பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் மகளைச் சேர்த்துவிட்ட தமிழ் அப்பாவை அடையாளம் காண்பது சுலபம். மற்ற அப்பாமார் கச்சேரிக்கு வாஃபிள் சாப்பிட வருவார்கள். இவர் மைக் ஸ்டாண்டோடு வருவார்.

'கோர்ப்ஸ்' எனப்படும் இந்தப் பள்ளிக் குழு இந்த நாட்டில் லேசுப்பட்ட விஷயமில்லை. 1901இல் மொல்லர்காத்தா பள்ளிப் பையன்கள் ஊதத் தொடங்கியது, இன்றுவரை ஓயவில்லை. வாத்தியத்தைக் குழுவே இரவல் தரும். பதிலுக்குப் பெற்றோர் பழஞ்சாமான் சந்தை நடத்தி, ஊரார் கழித்துவிட்ட சோபாக்களைச் சுமக்கவேண்டும். நம்மவரும் சுமப்பார். நாரி பிடித்தாலும் முனகமாட்டார். மகளின் ட்ரம்பெட்டில் ஒரு சொட்டை விழுந்தால்தான் அன்றிரவு நித்திரை போய்விடும்.

இவருடைய ஒலிப்பதிவு வாழ்க்கை யாழ்ப்பாணத்திலுள்ள அப்பம்மாவுக்காகத் தொடங்கியது. நோர்வே தேசிய கீதத்தை மகள் ஊத, கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "வீட்டில என்ன உடைஞ்சது?" என்று அப்பம்மா பதறிப்போய்க் கேட்டார்.

அன்றே மைக் வாங்கினார். மேடைப் பாடகருக்கு நீட்டுவதுபோல் அதை ட்ரம்பெட்டின் வாய்க்குள்ளேயே நீட்டினார். ஒலியளவு காட்டும் திரை முழுக்கச் சிவப்பு. ட்ரம்பெட்டின் கூரான ஒலியெல்லாம் நேர்கோட்டில் பாய்கிறது. ஆகவே மைக் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்ந்து நிற்கவேண்டும். ரிப்பன் மைக் என்றால் அந்தக் கூர் இன்னும் மழுங்கும். இதைக் கற்ற நாளிலிருந்து இவரைக் கொண்டாட்ட வீடுகளுக்குக் கூப்பிடவே பயம். சாமத்திய வீட்டில் ஒலிபெருக்கிக்காரத் தம்பியைப் பிடித்துவைத்து, "பழைய ரிப்பன் மைக்குக்கு ஃபேண்டம் பவரைத் திறந்துபோடாதையும், செத்துப்போம்" என்பார். தம்பியிடம் இருந்ததோ கரோக்கே மைக்.

அடுத்தது ஸ்டூடியோ. குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கும் அலுமாரியின் கதவைத் திறந்து, மனைவியின் காஞ்சிபுரங்களையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். எதிரொலி அடியோடு செத்தது. இப்போது செத்த எதிரொலிக்கு உயிர் கொடுக்கவேண்டும். அதற்கு முன்மாதிரி யான் எரிக் கொங்ஸ்ஹௌக் என்ற ஒலிப்பதிவாளர்; இதே நகரத்தில் 1984இல் ரெயின்போ ஸ்டூடியோவைத் தொடங்கியவர். போலந்து ட்ரம்பெட் கலைஞர் தோமாஷ் ஸ்டான்கோவின் 'லித்தானியா' 1997இல் அங்கேதான் பதிவானது. பனிமலையில் நின்று ஊதுவதுபோன்ற அந்த அகலத்தை நம்மவர் மென்பொருளில் தேடுகிறார். கொங்ஸ்ஹௌக்கிடம் நல்ல அறையும் இருந்தது, ஸ்டான்கோவும் இருந்தார் என்பதை அவரிடம் யார் சொல்வது?

மகள் பாடுதான் பாவம். வெளியே உறைகுளிர், பிள்ளை வந்து பெட்டியைத் திறந்தவுடன் "ஊது" என்பார். குளிர்ந்த குழாய்க்குள் ஒலி மெதுவாக ஓடும், சுருதி இறங்கும்.

"அப்பா, சூடாக்கவேணும்."

"ஹீட்டரைக் கூட்டிவிடட்டோ?"

"எனக்கில்லை, ட்ரம்பெட்டுக்கு!"

பிள்ளை காற்றை ஊதிச் சூடாக்குவாள். குழாய்க்குள் சேர்ந்த நீரை வழித்துவிடுவாள். மூச்சின் ஈரம்தான் பெரும்பாலும்; அம்மா அதை எச்சில் என்றே நம்பி, கம்பளத்தில் பழைய துவாய் விரித்திருப்பார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிவு போகும். பித்தளை வாத்தியத்தில் உண்மையில் அதிர்வது உதடு. தசை களைத்தால் மேல்ஸ்வரம் எட்டாது. வயலின்காரரைப்போல் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிக்க முடியாது. பிள்ளைக்கு இது தெரியும். மைக்கைப் பற்றி எல்லாம் தெரிந்த அப்பாவுக்கு மட்டும் தெரியாது. "கடைசியா ஒருக்கா" என்பார். அதற்குப் பிறகும் நாலைந்து கடைசி வரும்.

மே 17, தேசிய தின ஊர்வலப் பதிவைப் பற்றிக் கேட்காதீர்கள். கார்ல் யூஹான் வீதியில் குழுவோடு கூடவே ஓடிப் பிடித்தது அது. அதில் மகளின் அணிவகுப்பு இசை கொஞ்சம், பின்னால் வந்த பள்ளியின் வேறொரு இசை கொஞ்சம், மீதி இவருடைய இளைப்பு.

ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மூதாட்டி. குடியிருப்புச் சங்கத்தின் சத்த விதிகள் கண்முன் வர, நோர்வேஜிய மொழியில் மன்னிப்பை ஒத்திகை பார்த்தபடி நம்மவர் கதவைத் திறந்தார். மூதாட்டியோ தன் பள்ளிக் கோர்ப்ஸில் கோர்னெட் ஊதியவராம்.

"மூன்றாவது தடவை மிக அழகு," என்றார். "அதற்குப் பிறகு குழந்தையின் உதடு களைத்துவிட்டது. அந்த மூன்றாவதை வைத்துக்கொள்ளுங்கள்."

நம்மவர் தலையாட்டினார். கணினியில் இடம் போதாதென்று அழித்திருந்தது அந்த மூன்றாவதைத்தான்.